கதவில்லாத மூலை

வாரப் பத்திரிகையில் என் குறுக்கெழுத்துப் போட்டி வருகிறது. அதன் கீழே என் பெயரோடு என் தகப்பனார் பெயரும் சேர்ந்தே அச்சாகும். அதனால் சொற்களில் மட்டுமல்ல, கறுப்புக் கட்டங்களிலும் நான் கண்டிப்பானவன். தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில் நிற்க வேண்டும். மேலே இடது மூலையில் ஒன்று வைத்தால், கீழே வலது மூலையில் அதற்கு இணையாக ஒன்று. சிலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. அவர்கள் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டும் வெளியே கிளம்பிவிடுவார்கள்.

ஆசிரியர் இந்த முறை வீட்டைப் பற்றிய சிறப்பிதழ் என்றார். எல்லாச் சொற்களும் வீட்டுக்குள்ளிருந்தே வர வேண்டும். எனக்குப் பிடித்துப்போனது. மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தால், திரை வழியே வரும் வெயில் தாளின்மேல் தண்ணீர்போல் அசையும். எந்தக் கோடு நான் போட்டது, எது ஜன்னல் கம்பியின் நிழல் என்றே சில நேரம் தெரியாது. சமையலறைக்கு எதிரே குளியலறை, இரண்டும் ஐந்தெழுத்து. மொட்டைமாடிக்கு எதிரே வாசற்படி. மேலே இடது மூலையில் முன்னறை. அதற்கு நேர் எதிராக, கீழே வலது மூலையில் பின்னறை. இப்படி ஒவ்வொன்றும் தன் துணையோடு வந்து உட்கார்ந்தது.

எங்கள் வீட்டுப் பின்னறையில் என் மகள் இருக்கிறாள். கணவன் வீட்டிலிருந்து வந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் இதையெல்லாம் பேசிக்கொண்டிருப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் சின்னவனுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் வருவதாக இருந்தது. பேசியிருந்தது என்றால், அவனே பேசி முடித்துவிட்டு என்னிடம் தகவல் சொன்னான். எனக்கு ஒரு மகள், கல்யாணம் ஆகிவிட்டது என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருந்தேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பெரியவளான மகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீ உன் ரூம்லயே இருந்துக்கோம்மா. அவங்க கிளம்புற வரைக்கும்தான்."

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "சரிப்பா" என்றாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள்.

நான் அமைக்கும் கட்டங்களை அச்சுக்குப் போகும்முன் போட்டுப் பார்ப்பது அவள்தான். சின்ன வயதிலிருந்தே அப்படி. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து, வாய்க்குள் முணுமுணுப்பாள். இந்தத் தாளையும் அவளிடம் கொடுத்தேன். தேநீர் ஆறுவதற்குள் வந்து நின்றாள்.

"அப்பா, இந்தக் கீழ் மூலைக்கு எப்படிப் போறது?"

"போறதுன்னா?"

"மத்த இடத்துல ஒரு வார்த்தை தெரிஞ்சா அதைப் பிடிச்சுக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடலாம். பின்னறைக்குப் போகவே முடியல. சுத்திச் சுவர் வச்சிருக்கீங்க."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பின்னறை இருந்த மூலையைச் சுற்றிக் கறுப்புக் கட்டங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நின்றன. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. வெளியிலிருந்து ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. கட்டம் போடத் தெரிந்தவன் செய்யக் கூடாத காரியம். வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ஒரே வீடாக இருக்க வேண்டும்.

"அந்த வார்த்தை மட்டும் எப்படிக் கண்டுபிடிச்ச?"

அவள் குறிப்பை வாசித்தாள். "'விருந்தாளி பார்க்கக் கூடாத இடம்'. இதுக்கு யோசிக்கணுமாப்பா? அங்கதானே இருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாதாரணச் சிரிப்புதான். நான் தாளை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அப்பால் சோபாவில் படுத்திருந்த சின்னவன், "அக்கா, அப்பாகிட்டயே தப்பு கண்டுபிடிச்சிட்டியா? பத்திரிகைல போடச் சொல்லு" என்றான்.

"நீ போய் முடி வெட்டிக்கிட்டு வா. ஞாயித்துக்கிழமை உன்னைப் பாக்குறவங்க பயந்துடப் போறாங்க" என்றேன்.

திருத்த உட்கார்ந்தேன். மூலையைத் திறக்க ஒரு கறுப்புக் கட்டத்தை எடுத்தால் போதும். ஆனால் இங்கே எடுத்தால் எதிர் மூலையிலும் எடுத்தாக வேண்டும். அப்போதுதான் அடுத்தது கண்ணில் பட்டது. பின்னறையை அடைத்த அதே சுவர்கள், தலைகீழாக, முன்னறையையும் அடைத்துக்கொண்டு நின்றன. விருந்தாளிகளை உட்கார வைக்கும் அறைக்கும் வழியில்லை.

முன்னறையை மட்டும் திறந்துவிட்டால் என்ன என்று பார்த்தேன். தாளைத் திருப்பினேன். ஒரு பக்கம் பல் விழுந்த வாய்போல் இருந்தது. என் தகப்பனார் பெயருக்கு மேலே அப்படி ஒன்று வர நான் விடமாட்டேன்.

வெயில் மேசையின் விளிம்புக்கு நகர்ந்தபோது கண் அசந்திருக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையுமான தரையில் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளைக் கற்களின் மூலையில் சிறியதாக எண்கள். கறுப்புக் கற்கள் இருந்த இடங்களில் சுவர்கள் கூரைவரை எழும்பியிருந்தன. காலுக்கடியில் எழுத்துகள் வெதுவெதுப்பாக இருந்தன, இப்போதுதான் யாரோ எழுந்து போன இடம்போல. முன்னறையில் நாற்காலிகள் போட்டிருந்தன. பெண் வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் கோப்பை. யாரும் குடிக்கவில்லை. ஒருவர் எழுந்து, "வழி எங்கங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். நானும் சுவரைத் தடவித் தேடினேன். வீட்டுக்காரன் நான், எனக்கே தெரியவில்லை. வெகுதூரத்தில், வீட்டின் மறுகோடியில், யாரோ துணி மடிக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவு மெல்லிய சத்தம் அத்தனை சுவர்களைத் தாண்டி எப்படி வந்தது என்று வியந்துகொண்டே நின்றேன். விழித்தபோது கன்னத்தில் பென்சில் பதிந்திருந்தது.

"அம்மாடி, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். இரண்டு மூலையிலும் ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தை அழித்துவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

"ரெண்டு பக்கமும் அஞ்செழுத்து வேணும். வீட்டுச் சாமான். கீழ 'திரைச்சீலை' பொருந்துது. மேலதான் எதுவும் சேரல. அரண்மனை மாதிரி ஏதாவது போடலாம்னு பாக்குறேன்."

அவள் காதிலிருந்து பென்சிலை எடுத்தாள். சுற்றியிருந்த எழுத்துகளைச் சரிபார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"துடைப்பம்."

"முன்னறையிலயா?"

"கச்சிதமா உக்காருதுப்பா. வேற எதுவும் வராது."

"ஊரே பாக்குற இடத்துல துடைப்பத்தைச் சாத்தி வைப்பாங்களா யாராவது?"

"வீட்டுல துடைப்பம் இருக்குன்னு ஊருக்குத் தெரியாதாக்கும்!"

நான் வேறு சொல் தேடினேன். சாயங்காலம்வரை தேடினேன். கடைசியில் துடைப்பமே உட்கார்ந்தது. பின்னறைக்கான குறிப்பையும் அடித்துவிட்டு, 'வீட்டின் மறுகோடி' என்று எழுதி அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பெண்ணின் அம்மா, அப்பா, தாய்மாமா. தாய்மாமா என்னைப்போலவே முதுகு வளையாமல் உட்கார்பவர். பார்த்ததும் எப்படிப்பட்ட ஆளென்று புரிந்துவிட்டது. வெட்டிய முடியோடு சின்னவன் தட்டில் தேநீர் கொண்டுவந்து பாதியைத் தட்டிலேயே ஊற்றினான். வெயில் சாய்ந்து தரை முழுதும் மஞ்சளாக இருந்தது. பேச்சு மழையைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் போனது.

நான் எழுந்து நடையைக் கடந்து பின்னறைக் கதவைத் தட்டினேன்.

"வாம்மா."

"அப்பா, நீங்கதானே..."

"நான்தான் கூப்பிடுறேன். வந்து உக்காரு."

அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு பின்னால் வந்தாள். நான் பெண் வீட்டாரிடம் சொன்னேன். "இவ என் பொண்ணு. மூத்தவ."

தாய்மாமா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்பிள்ளை வரலையா?"

சின்னவன் தரையைப் பார்த்தான்.

"வரமாட்டார். இவ இப்ப இங்கதான் இருக்கா. இது அவ வீடு" என்றேன்.

தாய்மாமா கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்க இதை முன்னாடியே சொல்லல."

"இப்ப சொல்லிட்டேன்."

"அப்ப நாங்க யோசிச்சுச் சொல்றோம்."

"தாராளமா யோசிங்க. நாங்களும் யோசிக்கணும்ல?"

சின்னவனுக்குப் புரையேறியது. பெண்ணின் அப்பா கூரையைப் பார்த்தார். பெரியவள் வாசலருகே நின்றுகொண்டிருந்தாள், உள்ளே ஒரு காலும் நடையில் ஒரு காலுமாக. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

பெண்ணின் அம்மா பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, நீ யோசிச்சுக்கிட்டே இரு" என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, "நீ வந்து இப்படி உக்காரும்மா. ஃபேன் காத்து இங்கதான் வருது."