கஞ்சி காய்கிற நேரம்

1.

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் அறியாமையில் பிறந்தது. ஆட்டோஜைரோ என்பது ஹெலிகாப்டருக்கு இன்னொரு பெயர் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லையாம். ஹெலிகாப்டரில் தலைக்குமேல் இருக்கும் விசிறியை என்ஜினே சுழற்றும். இதில் என்ஜின் வண்டியை முன்னே தள்ளுவதோடு சரி. ஓட ஓட, எதிர்க்காற்றே மேல்விசிறியைச் சுழற்றி ஆளைத் தூக்கிவிடும். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நகரியில் ஒன்றைப் பறக்கவிட ஆசைப்பட்டேன். (அங்கே அப்படி எதுவும் பறந்ததில்லை. விசாரித்துக்கொண்டு போகாதீர்கள்.)

2.

முதல் தொடக்கம்: "1960, தை மாதம். திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு, நகரி ஆந்திராவுக்கு என்று எல்லைத் தகராறு தீர்ந்து..." வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: மோட்டார் மெக்கானிக் திருவேங்கடம், தறியில் உட்கார்ந்திருந்த மனைவி சுலோசனாவிடம் சொன்னான்: "இனிமே திருத்தணியில உங்கம்மா ஊடு வேற ராஜ்யம். நான் அந்தரத்துலயே போய் பாத்துட்டு வரேன், பாரு."

"மொதல்ல தரையில ஒழுங்கா போய்க்கினு வா" என்றாள் சுலோசனா.

இது இருக்கட்டும்.

3.

திருவேங்கடம் தானே கட்டிய ஆட்டோஜைரோவில், மேல்விசிறியின் இரண்டு இறக்கைகளும் மரச்சட்டம். அதன்மேல் சுலோசனா நெய்த துணி. துணி விறைப்பாக நிற்கப் பூசச் சொல்லி ஒரு டப்பா வார்னிஷ் வாங்கிக் கொடுத்திருந்தான். மூடியைத் திறந்தாள், நாற்றம் மூக்கைத் துளைத்தது, மூடிவிட்டாள். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சியையே காய்ச்சிப் பூசி வெயிலில் காயவைத்தாள். திருவேங்கடம் தட்டிப் பார்த்தான். தப்பட்டை மாதிரி சத்தம் வந்தது.

"வார்னிஷ்னா வார்னிஷ்தான்!" என்றான்.

அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டாள். டப்பா தறிக்குழியில் கிடந்தது.

[இந்தச் சிரிப்புக்காக அவள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் தறிக்காரி கஞ்சியை நம்பாமல் வேறு எதை நம்புவாள்?]

4.

பறக்கும் நாள் விடிந்தது. அறுப்பு முடிந்த கழனியில் ஊரே கூடியிருந்தது. வண்டி இரவெல்லாம் தைப்பனியில் நின்றிருந்தது. சுலோசனா இறக்கையைத் தொட்டாள். துணி தொளதொளத்துப் பிசுபிசுத்தது. கஞ்சி இளகிவிட்டது.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். ஊர் சிரிக்கிறது. அவன் அந்த ரோஷத்திலேயே ஏறி... [அவன் குணம் எனக்குத் தெரியும். எழுதியதை அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: சொல்லவில்லை. பனைமர உயரத்தில் துணி கிழிந்து... [இதை எழுதக் கை வரவில்லை.]

5.

மிச்சமிருப்பது இது ஒன்றுதான். நனைந்த பாவு வெயிலில் எவ்வளவு நேரத்தில் காயும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு ஓடிப்போய்க் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துவந்து, வண்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"துன்னுட்டுப் போய்யா."

"வந்து துன்றேன், நவுரு."

"வெறும் வயித்தோட மேல போவக்கூடாது. உக்காரு."

அவளை மிதித்துக்கொண்டா போக முடியும்? உட்கார்ந்தான். ஓர் உருண்டை போட்டாள். எழுந்துபோய் இறக்கையைத் தொட்டாள். ஈரம். இன்னோர் உருண்டை போட்டாள்.

"இன்னாத்துக்கு அதையே தடவிக்கினு கீறே?"

"சும்மாதான். மெதுவா துன்னு."

என்றாவது ஒருநாள் வார்னிஷ் விஷயத்தை அவனிடம் சொல்லுவாள். அது அவர்கள் வீட்டு விவகாரம். இப்போதைக்கு ஓர் இறக்கை காய்ந்து விறைத்துவிட்டது. மற்றதன்மேல் இப்போதுதான் வெயில் விழுகிறது. சட்டியில் களி தீர்ந்துவிட்டது. தட்டில் கடைசி உருண்டை.

எனக்கு இதற்குமேல் எழுதத் துணிச்சல் இல்லை. நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்வரை அவன் தின்றுகொண்டிருப்பான். ஆகவே, தயவுசெய்து, இந்த வரியைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.