வெடித்த முட்டைக்கோஸ்

வெண்ணிலா கொல்லைக் கதவைத் திறந்ததுமே வெடிப்பைப் பார்த்துவிட்டாள். ஆறு முட்டைக்கோஸில் இரண்டு உச்சியிலிருந்து பிளந்து, உள்ளிருந்த வெள்ளை மடிப்பு வெளியே பிதுங்கிக் கிடந்தது. பெட்டிகளைச் சுற்றித் தரை சேறாகியிருந்தது.

ஏரிக்கரை ஊரான தோணிரேவின் மண்ணில் உப்பு. அதனால் மீன் வைக்கும் பழைய தெர்மாகோல் பெட்டிகளில் வெளியூர் மண்ணை நிரப்பி வளர்த்திருந்தாள். இன்று மகளிர் குழு மேடம் பார்க்க வருகிறார். செடியில் நிற்கும் கோஸைக் கண்ணால் கண்டால்தான், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும் இடத்தைத் தோட்டம் போட விடுவார்கள். இல்லையென்றால் அங்கே வண்டி நிறுத்தப் போகிறார்கள்.

"யோவ்! யார்யா தண்ணி ஊத்துனது?"

புருஷன் தருமன் கையிலிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

"நான்தான் மே. மேடம் வர்றப்ப இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கட்டுமேனு நேத்து சாயங்காலம் நாலு குடம் ஊத்துனேன்."

"நான் இன்னா சொன்னேன்? அமுக்கிப் பாரு, கல்லு மாதிரி ஆயிடுச்சி, இனிமே சொட்டுத் தண்ணி வேணாம்னு சொன்னனா இல்லியா?"

"தண்ணி நண்டக்கூட ஏரியில வுட்டு வெச்சா சதை புடிக்குதே!"

ஓடு கழற்றிய நண்டுக்குள் வெறும் நீர்தான் இருக்கும். அதைக் கூண்டில் போட்டு ஏரியில் விட்டு, கனத்த பிறகு விற்பது அவன் பிழைப்பு. நண்டை விரலால் அமுக்கியே சதையைச் சொல்லிவிடுகிறவன், கோஸை ஒருதரம் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அது காலி நண்டுய்யா! இது நெறைஞ்சது. உள்ள எடமே இல்லாததுல தண்ணி ஏறுனா எங்க போவும்? பொண்டாட்டிய ஒரு வார்த்தை கேட்டா உன் மீசை கொட்டிடுமா?"

"கத்தாத மே. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

வெண்ணிலா குந்தி உட்கார்ந்து, வெடிக்காத ஒரு கோஸை இரண்டு கையாலும் பிடித்து ஒரு திருகு திருகினாள். மண்ணுக்குள் வேர் நறநறவென்று அறுந்தது.

"அய்யய்யோ! கோவத்துல கழுத்த திருவுறியே! இருக்கறதையும் கொன்னுட்டு பழிய எம்மேல போடலாம்னா?"

"பாதி வேர் அறுந்தாதான் இது தண்ணி குடிக்கறத நிறுத்தும். குடிக்கலன்னா வெடிக்காது. அந்தாண்ட போ, இல்லாட்டி அடுத்தது உன் கழுத்துதான்."

மேடம் வந்தபோது, திருகிவிட்ட நான்கு கோஸும் சற்றே கோணலாக, ஆனால் முழுசாக நின்றன. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்.

"நல்ல இறுக்கம்மா. இன்னைக்கே அறுத்துடு. ஆமா, அது ரெண்டும் ஏன் பொளந்திருக்கு?"

தருமன் தரையைப் பார்த்தான்.

"முத்துனதுக்கு அப்புறம் தண்ணி ஊத்துனா அப்படித்தான் மேடம்," என்று மட்டும் சொன்னாள் வெண்ணிலா.

மேடம் சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "சரி, எடத்த வீட்டுக்காரர் பேர்லயே எழுதிடலாம் இல்ல?"

அவ்வளவு நேரம் அடக்கி வைத்தது பொங்கி வந்துவிட்டது.

"ஊத்திக் கெடுத்தது அவரு மேடம்! வளத்தது நானு. என் பேரை எழுதுங்க. வீட்டுக்காரர் பேருன்னு தனியா கட்டம் இருந்தா, அத காலியா வுடுங்க."