ஜன்னலோரம் கேட்டவர்

தனபால் கொலையான பிறகுதான் ஏற்காடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவருக்கு இத்தனை சிநேகிதர்கள் இருந்தது தெரிந்தது. உயிரோடு இருந்தவரை அந்த லாட்ஜ் வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க ஆளில்லை. காப்பித் தோட்டத்துப் பள்ளத்தில் கிடந்தவரை யார் கொன்றார்கள் என்று போலீசுக்கு இன்னும் பிடிபடவில்லை. கடையிலோ ஆளுக்கொரு கதை.

ஆசிர் மட்டும் என்ன யோக்கியம்? சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் ஹார்டுவேர் கடை வேலைக்கு வருகிறவன். குப்பனூரில் ஏறும் தனபால், "ஏனுங்க, சன்னலோரம் உடறீங்களா? வளைவுல எனக்கு ஒத்துக்காதுங்க" என்பார். இவன் முணுமுணுத்தபடி நகர்வான். அவர் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். பழக்கம் அவ்வளவுதான். அதைச் சொன்னால் எவன் காது கொடுப்பான்?

"யாரோ மெரட்டறாங்கன்னு எங்கிட்ட சொன்னாருங்க. ஆண்டவர் சத்தியமா" என்று ஒருநாள் எடுத்துவிட்டான். கடையே திரும்பிப் பார்த்தது. சுகமாகத்தான் இருந்தது. மறுநாள் மிரட்டியவனுக்கு மீசையும் வைத்துவிட்டான். அதிலிருந்து நிம்மதி போயிற்று. போலீஸ் ஜீப்பைக் கண்டாலே கடைக்குப் பின்பக்கம் நழுவினான்.

இன்று வந்தது ஜீப் அல்ல. டீ மாஸ்டர் வெள்ளையன் கைகாட்ட, ஒரு பெண் அவன் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். தனபாலின் மனைவி கலா.

"நீங்க அவருக்கு நொம்ப வேண்டியவருன்னாங்க. மெரட்டுனது ஆருன்னு சொன்னாருங்களா?"

ஆசிர் டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தான்.

"பேரு தெரியாட்டியும் போவுதுங்க. ஒரே ஊட்டுல இருந்தவ, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே. பஸ்ல பாக்கற உங்ககிட்ட சொல்லியிருக்காரு. நான் என்ன கொறை வெச்சேன்?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தப்பித்திருக்கலாம். போலீசுக்குப் பயந்ததெல்லாம் ஒரு பயமா என்றிருந்தது அவனுக்கு.

"அவரு ஒண்ணுமே சொல்லலீங்க" என்றான் ஆசிர். "நானா இட்டுக்கட்டுனது. அவரு பேரே எனக்குப் பேப்பர்ல பாத்துத்தான் தெரியும்."



"அப்ப உங்களுக்கு என்னதானுங்க தெரியும்?"

"சன்னலோரம் கேப்பாருங்க. எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே வருவாரு. மேல வந்து சேர்ற வரைக்கும் மூக்க உட்டு எடுக்கமாட்டாரு."

கலாவின் முகம் இளகியது. "நெதமும் நாந்தான் பையில போட்டு உடுவேன். நான் என்ன புள்ளத்தாச்சியான்னு வைவாரு. வழியிலயே வீசிருவாருன்னுதான் நெனச்சிருந்தேன்." சட்டென்று நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தாள். "இதாவது நெசந்தானுங்களா?"

ஆசிர் வாயைத் திறந்தான். இருந்த ஒரே சத்தியத்தையும் இதே பெஞ்சில் உட்கார்ந்து செலவழித்திருந்தான். தலையை மட்டும் ஆட்டினான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை.

மறுநாள் குப்பனூரில் பஸ் நின்றதும், யாரும் கேட்காமலே ஆசிர் ஜன்னலோரத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். யாரும் ஏறவில்லை. மலை ஏறி முடிகிறவரை காலி இடத்தின் மேல் காற்று அடித்துக்கொண்டே வந்தது.