இருபத்தேழாவது கட்டம்

ஆம்புலன்ஸ் வேலைக்குத் துணிச்சல் வேண்டும் என்று நினைத்துத்தான் கவிப்ரியா அருப்புக்கோட்டையிலிருந்து டில்லிக்கு ரயிலேறினாள். வந்த பிறகுதான் தெரிந்தது, வேண்டியது துணிச்சல் இல்லை, ஞாபகசக்தி. நோயாளியைப் பார்த்ததும் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு படிவம் இருந்தது. அதில் இருபத்தாறு கட்டங்கள். முக்கியமானவை விடுபடாமல் டிக் விழுந்தால் வண்டியில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அலுவலகத்தில் போன் எடுத்து, "வந்துகிட்டே இருக்கு ஜி" என்று இன்னும் கிளம்பாத வண்டிக்காகச் சத்தியம் செய்யும் நாற்காலி.

இரண்டு முறை தோற்றாகிவிட்டது. முதல் தடவை, 'இடம் பாதுகாப்பானதா' என்ற முதல் கட்டத்தையே மறந்து, நாய் இருக்கும் வீட்டுக்குள் விறுவிறுவென்று நுழைந்துவிட்டாள். நாய் அவளை ஒன்றும் செய்யவில்லை. பின்னால் படிவத்தோடு வந்த ஹர்ப்ரீத் மேடத்தின் சல்வாரைத்தான் முழங்கால்வரை புரட்டிப் பார்த்தது. மதிப்பெண் போடுகிறவர் அந்த மேடம்தான். இரண்டாவது தடவை கரோல் பாகில் ஒரு துணிக்கடை. தரையில் உட்கார்ந்து ஓவென்று அலறிய கடைக்காரருக்குப் பதற்றமாக நாடி பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, ஆறுதலும் சொன்னாள். ஐந்து நிமிடம் கழித்து ஓரமாக நின்றிருந்த ஒருவர், "மகளே, கை உடைஞ்சது எனக்குத்தான்" என்று மிகுந்த மரியாதையோடு தெரிவித்தார். கடைக்காரர் அழுதது, பில் போடாத புடவைக்கட்டு மேலே ஏணி விழுந்ததற்காக.

இன்று மூன்றாவது. இதற்குமேல் வாய்ப்பு கிடையாது.

இந்த முறை முன்னேற்பாடாக, படிவத்தின் வரிசையைச் சுருக்கி இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். வண்டி லோதி ரோடு அரசாங்கக் குடியிருப்புக்குள் திரும்பும்போது, இரண்டாவது கட்டம் ஞாபகம் வந்து கையுறையை மாட்டினாள். மாட்டிய பிறகுதான், எழுதியதெல்லாம் கையுறைக்குள் போய்விட்டது உறைத்தது.

இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. கவிப்ரியா வாசலிலேயே நின்று நாயைத் தேடினாள், காஸ் நாற்றம் பிடித்தாள், மின்விசிறியைக்கூட ஒரு தடவை சந்தேகமாகப் பார்த்தாள். பின்னால் டிக் விழும் சத்தம் கேட்டது. எத்தனை பேர் நோயாளி என்று பார்த்தாள். சோபாவில் ஐம்பத்தேழு வயது மதிக்கத்தக்க ஒருவர், பனியன் தொப்பலாக நனைந்து, விரல் நடுங்க உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் அம்மாள். அழுவது அம்மாள், வியர்ப்பது ஐயா. இந்தத் தடவை ஏமாறக்கூடாது.

"நமஸ்தே, மேரா நாம் கவிப்ரியா..."

"கவிப்ரியாவா?" அம்மாளின் அழுகை சட்டென்று நின்றது. "தமிழா தாயி நீ? எந்த ஊரு?"

டில்லியில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைக் கண்டால், வீடே தீப்பற்றி எரிந்தாலும் முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் வாளி தேடுவார்.

"அருப்புக்கோட்டைம்மா. சாருக்கு என்ன..."

"எங்க சின்ன அத்தையக் குடுத்த ஊருல்ல! கல்யாணம் ஆயிருச்சா? தங்குறது எங்க? தனியாவா?"

ஊர், வேலை, சம்பளம், தூக்கம், சாப்பாடு என்று அந்த அம்மாள் வரிசை தவறாமல் கேட்டுக்கொண்டே போனாள். நோயாளியிடம் விவரம் கேட்பது எப்படி என்று படிவத்தில் இருந்தது அப்படியே இதுதான். கேட்கிற ஆள்தான் மாறியிருந்தது. ஹர்ப்ரீத் மேடம் தொண்டையைச் செருமினார்.

கவிப்ரியா சோபாவுக்கு முன்னால் மண்டியிட்டாள். "சார், உங்க பேரு?"

"அய்யாசாமி" என்றாள் மனைவி இந்திராணி.

"அவரே சொல்லட்டும்மா."

"சொல்லுங்களேன். பேரைக்கூட நான்தான் சொல்லணும்."

"அய்யாசாமி. அண்டர் செக்ரட்டரி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"சனி. ஆபீஸ் லீவு."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்ல."

டிக், டிக், டிக். மூச்சு சரி. நெஞ்சு வலி இல்லை. வாய் கோணவில்லை, இரண்டு கையையும் தூக்கினார். தோல் ஜில்லென்று ஈரம். நாடி நூற்றுப் பதினெட்டு. கவிப்ரியாவுக்குக் கையுறைக்குள் இருப்பது ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அலர்ஜி, மாத்திரை, பழைய வியாதி, கடைசியாகச் சாப்பிட்டது.

"சர்க்கரை உண்டு, பத்து வருஷமா" என்றாள் இந்திராணி. "கடைசியாத் தின்னதை நான் சொல்றேன்." மேசைமேல் இருந்த துணிப்பையிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து, வழக்கறிஞர் சாட்சிப் பொருளை நீட்டுவதுபோல நீட்டினாள். உள்ளே ஜிலேபி. "காலைல சுகர் டெஸ்டுக்கு வெறும் வயித்தோட ரத்தம் குடுக்கப் போன மனுசன். வரும்போது பையில இது. எத்தனை உள்ள போச்சோ! சுகர் ஏறிப்போயி இப்பிடிக் கெடக்காக. நல்லவேளை மாத்திரை கையில வச்சிருக்கேன், இன்னொன்னு போட்டுரவா?"

"தின்னல" என்றார் அய்யாசாமி ஈனக்குரலில். "ராத்திரி தின்ன ரெண்டு சப்பாத்திதான்."

"பத்து வருஷமா இதையேதான் சொல்றாக."

கவிப்ரியாவுக்கும் அம்மாள் சொல்வதே சரியென்று பட்டது. திருட்டு ஜிலேபி, சர்க்கரை ஏற்றம், தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கதை இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சர்க்கரை அளவு பார்க்க விரலைக் குத்துவானேன்? கால்கள் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பிவிட்டன. ஆனாலும், இவ்வளவு திட்டு வாங்கிய மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாளிடம் தன் ஊரைச் சொல்லியாகிவிட்டது, ஐயாவின் ஊரைக் கேட்காமல் போனால் நன்றாக இருக்காதே என்று, மரியாதைக்குத்தான் கேட்டாள்.

"சார், நீங்க எந்த ஊரு?"

அய்யாசாமி கொஞ்சம் யோசித்தார்.

"நமக்கு... டில்லிதான்."

இந்திராணியின் கையிலிருந்த மாத்திரை கீழே விழுந்து சோபாவுக்கடியில் ஓடியது.

"என்னங்க! என்னங்க சொன்னீக?" அவள் குரல் இப்போது உண்மையாகவே உடைந்திருந்தது. "தாயி, இந்த மனுசன் இருபத்தெட்டு வருஷமா இங்க இருக்காக. ஒரு நாள், ஒரு தடவை, டில்லிதான் நம்ம ஊருன்னு சொன்னதில்ல. எதுத்த வீட்டுக்காரரு ஒருதரம் இவுகளை 'டில்லிக்காரரு'ன்னு சொல்லிட்டாருன்னு மூணு மாசம் பேசல. இவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு!"

கவிப்ரியா ஸ்ட்ரெச்சரை விட்டு மறுபடி சோபா பக்கம் திரும்பினாள். பெயரும் கிழமையும் அலுவலகப் பழக்கத்தில் தானாக வந்த பதில்கள். தூக்கத்தில் கேட்டாலும் பதவியோடுதான் சொல்வார். உள்ளே ஆள் தடுமாறிக்கொண்டிருக்கிறார். தடுமாற்றம், வியர்வை, நடுக்கம், படபடப்பு.

"அம்மா, மாத்திரை குடுக்காதீங்க!"

விரலைக் குத்தினாள். கருவி யோசித்துக் காட்டியது: 46.

ஏறவில்லை. பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. இன்னொரு மாத்திரை போயிருந்தால்? அதை நினைக்க அவளுக்கு நேரமில்லை. ஒரு வாய் தண்ணீர் கொடுத்து விழுங்க முடிகிறதா என்று பார்த்தாள். விழுங்கினார். பையிலிருந்த குளுக்கோஸ் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுத்தாள். தம்ளரை இந்திராணி வாங்கிக்கொண்டாள். பத்து வருடமாக அந்த வீட்டில் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைத்திருந்த கை, இனிப்புத் தண்ணீரை அவருக்கு வாய் வாயாகப் புகட்டியது. "குடிங்க, இன்னும் கொஞ்சம், ஏஞ்சாமில்ல."

பத்து நிமிடத்தில் வியர்வை அடங்கியது. கால் மணியில் உண்மை வெளியே வந்தது.

"நூறுக்குக் கீழ வந்தா அரைக் கிலோ ஜிலேபிக்குத் தடையில்லைன்னு நீதான சொன்ன" என்றார் அய்யாசாமி. "அதான் காலைல ரெண்டு மாத்திரையாப் போட்டேன். ரத்தம் குடுத்துட்டு, ரெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொரு ரத்தம் கேட்டாங்க, சாப்பிட்டு வரச் சொல்லி. சாப்பிடாமப் போனா அதுவும் குறைச்சலா வரும்ல? பார்க்கை நாலு சுத்து சுத்துனேன். ஜெயிச்சிருவோம்னு ஜிலேபிய முன்கூட்டியே வாங்கிட்டேன்."

"பரீச்சையில காப்பியடிக்கப் போயி உசிரை விடப் பாத்தீகளா?"

கவிப்ரியா தன் இடது கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். உலகத்திலேயே அந்த நிமிடம் அய்யாசாமியை அவளைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் யாருமில்லை.

மறுபடி விரலைக் குத்தியதில் 88. மாத்திரையின் வேகம் மிச்சமிருக்கும், திரும்ப இறங்கலாம், ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அதற்கு முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்றும் சொன்னாள். இந்திராணி இட்லி கொண்டுவந்தாள். அய்யாசாமி இட்லியைப் பார்க்கவில்லை, அட்டைப் பெட்டியைப் பார்த்தார்.

"நாப்பத்தாறு" என்றார் மெதுவாக. "நூறுக்குக் கீழதான்."

இந்திராணி அவரை முறைத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஜிலேபியில் பாதியை உடைத்து இட்லிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

இந்திராணியையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஹர்ப்ரீத் மேடம் படிவத்தைப் புரட்டிக்கொண்டே இந்தியில் கேட்டார்: "நடுவிலே என்னவோ கேட்டாயே, அந்த அம்மா அலறினாளே. அது எந்தக் கட்டம்?"

"அது கட்டத்திலே இல்லை மேடம்." என்றாள் கவிப்ரியா. "எந்த ஊர் என்று கேட்டேன்."

"அச்சா." மேடத்தின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனா மட்டும் இருபத்தாறாவது கட்டத்துக்கு மேலே நின்றது. அது காலியாக இருந்தது. கவிப்ரியாவுக்கு அது என்னவென்று ஞாபகம் வரவில்லை. கையுறையை இழுத்துக் கழற்றினாள். வியர்வையில் மை மொத்தமும் கரைந்து, உள்ளங்கை நீலமாக இருந்தது. நாற்காலியும் போனும் கண்முன் வந்தன. வந்துகிட்டே இருக்கு ஜி.

தோற்றது தோற்றதுதான் என்று நோயாளி பக்கம் திரும்பினாள். அவர் கண்ணை மூடியிருந்தார். மறுபடி இறங்கிவிட்டதோ? படிவம், மேடம், நாற்காலி எல்லாம் மறந்துபோயின.

"சார்! சார், நீங்க எந்த ஊரு?"

அய்யாசாமி பொறுமையாகக் கண் திறந்தார்.

"உசிலம்பட்டிலருந்து ஏழு கிலோமீட்டரும்மா. பஸ் ஸ்டாண்டுல இறங்கி மேற்க பாத்து நின்னா, ஒரு பெட்டிக்கடை. அதுல என் பேரைச் சொன்னீன்னா..."

"அந்தப் பெட்டிக்கடைய இடிச்சு எட்டு வருஷமாச்சு" என்றாள் இந்திராணி. "மேற்கயுமில்ல, கிழக்க."

"மேற்கதான்டி. சூரியன் கண்ணுல அடிக்கும்."

"அது காலைல!"

"என்ன சொல்கிறார்?" என்றார் மேடம்.

"வழி சொல்கிறார் மேடம்."

"இன்னும் முடியவில்லையா?"

"இன்னும் பஸ் ஸ்டாண்டையே தாண்டவில்லை."

ஹர்ப்ரீத் மேடம் இருபத்தாறாவது கட்டத்தில் டிக் போட்டார். 'நோயாளியை மறுபடி பரிசோதித்தல்' என்று அதன் எதிரே எழுதியிருந்தது. அதற்குக் கீழே பேனாவால் கோணல்மாணலாக ஒரு கட்டம் வரைந்து, அதிலும் ஒரு டிக் போட்டு, படிவத்தை மடித்து வைத்தார். பிறகு, முதல் தடவையாகச் சிரித்து, கவிப்ரியாவின் நீல உள்ளங்கையைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கும்போதும் மேற்கா கிழக்கா என்பது முடிவாகவில்லை.