நன்மைக்கு முந்திய தண்ணீர்

1936ஆம் ஆண்டு யூலை 9ஆம் திகதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். சோளகக் காற்று புழுதியை வாரி வீசியது, மழைக்குறி எதுவுமில்லை. பட்டினத்துச் சிறிய ஆஸ்பத்திரியொன்றில் டொக்டர் நமசிவாயம், மூன்று நாள்களுக்கு முன் இறந்த குருநகர் மீனவன் சூசைதாசனின் மூளைச் சீவலை நுணுக்குக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே நாய்தான் சூசைதாசனையும் தங்கை யோசப்பினையும் கடித்தது. கொன்று கடலில் எறியப்பட்டமையால் அதைச் சோதிக்க வழியில்லை. இருவருக்கும் விசர்நாய்க்கடிக்கென ஆட்டு மூளையிலிருந்து செய்த தடுப்பூசி, நாளொன்றுக்கு ஒன்றாகப் பதினான்கு. பத்தாம் ஊசியன்று அண்ணனின் கால்கள் செயலிழந்தன. பதினான்கையும் முடித்து, மறுநாள் இறந்தான். காயத்தை ஒரு வாரம் மறைத்திருந்த தங்கைக்கு இன்று நான்கு மணிக்குப் பதினோராம் ஊசி. காலையில் அவள் பாதம் விறைக்கிறது என்றாள்.

அண்ணனைக் கொன்றது விசர்நாய் நோயாயின், ஊசியை நிறுத்துவது அவளைக் கொல்லும். ஊசியே கொன்றதாயின், போடுவது கொல்லும்.

வெள்ளி உப்பில் ஊறிய சீவலில், இரத்தக் குழாய்களைச் சுற்றி மூளையின் காவற்கலங்கள் திரண்டிருந்தன. அமைதிக் காலத்தில் கிளை விரித்து நிற்பவை, இங்கே கிளைகளை உள்ளிழுத்து, உருண்டு, கொழுப்பை விழுங்கிப் பருத்திருந்தன. அருகே நரம்பிழைகள் உறையிழந்து கிடந்தன. உறையை உரித்தவை இவையா, உரிந்ததை அள்ள வந்தவையா என்பதைக் கண்ணாடி சொல்லவில்லை. ஆட்டு மூளையைப் பகைக்கப் பழகிய உடல் தன் மூளையையும் பகைத்திருக்கலாம். விசர்நோய்க்குரிய புள்ளிகள் எந்த நரம்புக்கலத்திலும் இல்லை. ஆனால் இல்லாமை மட்டும் சான்றாகாது. எதிரே வார்ட்டுக் குறிப்பில் விசர்நோயைச் சுட்டும் ஒரு வரி நின்றது: ‘6ஆம் திகதி, காலை ஐந்து மணி. தண்ணீரை வெறுத்தார்.’

“ஏரம்பர், உது ஆர் எழுதினது?”

“நான்தான் ஐயா,” என்றார் உதவி வைத்தியரான அப்போதிக்கரி. “கோப்பையை நீட்ட வாயை இறுக்கிப் பொத்திப்போட்டார். ஊசியை அவிக்கட்டோ?”

“பொறும்.”

இருவரும் யோசப்பினின் கட்டிலுக்குச் சென்றனர்.

“பிள்ளை, அண்ணர் தண்ணிக்குப் பயந்தவரோ?”

“கடலிலை கிடந்த மனிசனோ? நக்கலோ ஐயா?”

“அண்டைக்கு விடிய ஏன் குடிக்கேல்லை?”

“சுவாமியார் நன்மை கொண்டுவாறன் எண்டவர்.”

“நன்மையெண்டால் நல்லதுதானே,” என்றார் ஏரம்பர். “அதுக்கேன் தண்ணியை வெறுக்கோணும்?”

“நல்ல சைவக்காரர்தான் நீங்கள்! நன்மையெண்டால் நற்கருணை. நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சொட்டும் தொண்டையிலை இறங்கப்படாது. வாங்கின கையோடை ரண்டு கோப்பை குடிச்சவர். பிடிச்சுக் குடுத்தது நான்.”

“விக்கல், இழுப்பு ஒண்டும் இல்லையோ?” டொக்டரின் குரல் தாழ்ந்தது.

“ஒண்டுமில்லை.”

ஏரம்பர் தரையைப் பார்த்தார். “‘நன்மைக்கு’ எண்டு ஏதோ சொன்னவர்தான் ஐயா. பிதற்றல் எண்டு விட்டிட்டன்.”

“தண்ணி குடிச்சவரெண்டால் அது விசரில்லை, ஊசிதான்; பிள்ளைக்கு மிச்சத்தை நிப்பாட்டலாம் எண்டு நினைக்கிறன்,” என்றார் டொக்டர்.

“நிப்பாட்டினால் நாய்விசம் ஏறாதோ?” என்றாள் யோசப்பின்.

“ஏறலாம் பிள்ளை. பத்து ஊசி உள்ளை இருக்கு. அது காப்பாத்தக் காணுமோ எண்டு சொல்லமாட்டன். போட்டால் என்ன வரும் எண்டதை அண்ணரிட்டைக் கண்டிட்டன்.”

அவள் விறைத்த பாதத்தைக் கையால் தேய்த்தாள்.

“அப்ப எழுதுங்கோ.”

அவர் நின்றபடியே எழுதினார்: ‘யோசப்பினுக்கு எஞ்சிய நான்கு ஊசிகளையும் நிறுத்தலாம்.’ கடைசிச் சொல்லை வெட்டி, ‘நிறுத்துக’ என்று திருத்தினார். கையெழுத்திட்டு, மை காயும்வரை பொறுத்து, தாளை ஏரம்பரிடம் கொடுத்தார்.