பலகைக்கும் சுவருக்கும் நடுவே

ஜன்னல் பொருத்துவது அவர் தொழில். அதனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் அவருக்கு ஜன்னல்காரர் என்றே பெயர். ஊரார் வீட்டு இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டு வருகிறவர், தன் வீட்டு இடுக்கை மட்டும் ஆறு வருடமாகத் தொடவில்லை.

ஒரே வீட்டைப் பலகையால் தடுத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பலகை சுவரோடு சேரும் மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. அந்தப் பக்கம் அலமாரி நின்றதால் எதுவும் தெரியாது, சத்தம் மட்டும் வரும். மாலை ஏழு மணிக்கு ஒரு தாய் மகளிடம் வாய்ப்பாடு கேட்பாள். இவர் சாப்பாட்டுத் தட்டோடு அந்த மூலையில் போய் உட்காருவார். மனைவி செத்து ஏழு வருடம், பிள்ளை கிடையாது. பகலில் அவரிடம் பேசுகிறவர்கள் நீளம் அகலம் மட்டும்தான் பேசுவார்கள்.

ஒருநாள் மகள் எட்டாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டாள்.

“எட்டேழு?”

பென்சிலால் தரையைத் தட்டும் சத்தம்.

“எட்டேழு எத்தனைடி? நேத்து சொன்னியே!”

வாயில் இருந்ததை விழுங்கக்கூட இல்லை, ஜன்னல்காரர் கத்திவிட்டார்: “அம்பத்தாறு!”

 அந்தப் பக்கம் அலமாரியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை அந்தத் தாய் வாசலில் நின்றாள்.

“அண்ணா, செவத்துக்குக் காது இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன். வாயும் இருக்குன்னு நேத்துதான் தெரிஞ்சுது.”

அவருக்குக் காது சுட்டது. “தெரியாம வாயில வந்துடுச்சும்மா.”

“தப்பா நினைக்காதீங்க. பொம்பளைங்க ரெண்டு பேர் இருக்கிற வீடு. அடைச்சுடுங்க.” போகத் திரும்பியவள் நின்றாள். “அடைச்சா நிக்குமா? வீட்டுக்காரர் பூசினதெல்லாம் உதிர்ந்துபோச்சு.”

தொழில் பற்றிக் கேட்டால் அவருக்குப் பொய் வராது. “ஈரம் படாத இடம், அக்ரிலிக் பசை போதும். ஆனா காயறப்ப சுருங்கும். ஆழமான சந்துல அப்படியே அப்பினா நடுவுல விட்டுடும். முதல்ல பஞ்சு மாதிரி நுரைக்கயிறுன்னு ஒண்ணு இருக்கு, அதைத் திணிச்சு, அதுக்கு மேல மெல்லிசா போடணும். அப்ப நிக்கும்.”

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அன்று மாலையே அடைத்தார். பையில் நுரைக்கயிறு ஒரு சுருள் கிடந்தது. அதை எடுக்கவில்லை. பசைத் துப்பாக்கியை வைத்து ஆழம் முழுக்க அப்பி, ஈர விரலால் மேலே ஓர் இழுப்பு. பார்வைக்குப் பழுதில்லை. இருபது வருடத்தில் தெரிந்தே அவர் செய்த முதல் மோசமான வேலை.

ஆறாம் நாள், எதிர்பார்த்தபடி, நடுவில் விரிசல் விட்டது. ஏழு மணிக்குத் தட்டோடு உட்கார்ந்து காதை வைத்தார். ஒன்றும் இல்லை. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தார். மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் அந்தச் சிறுமியைப் படிக்கட்டில் பார்த்தார்.

“எங்க போயிட்டீங்க எல்லாரும்? சத்தமே காணோம்,” என்றார்.

“நாங்களா மாமா?” சிரித்தாள். “எங்கயும் போகல. எங்க பக்கமும் அம்மா பூசிட்டாங்க. நீங்க சொன்ன மாதிரியே, கயிறு வச்சு.”

“விரிசல் விட்டுச்சா?”

“இல்லயே.”

“எட்டாம் வாய்ப்பாடு?”

“அது முடிஞ்சுது. இப்ப பன்னெண்டு,” என்று இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிப் போய்விட்டாள்.

ஜன்னல்காரர் வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டார். கத்தியால் பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்தார். நுரைக்கயிற்றைத் திணித்து, மேலே மெல்லிசாகப் போட்டு, விரலை நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார்.