சேற்றில் தாய்மாமன்

ஜெயகுமாருக்கு வாய் கொஞ்சம் நீளம். "மத்த பிள்ளைங்களுக்கு மாமன் கார்ல வருவான். என் மருமகளுக்கு மாமன் ஆத்துல வந்து இறங்குவான், பாத்துக்க," என்று தங்கை நளினியிடம் சவடால் விட்டிருந்தான்.

சவடாலுக்குக் காரணம் இருந்தது. மலேசியாவில், கூலிம் ஹைடெக் பூங்காவில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலையின் விளையாட்டு மன்றத்துக்கு அவன்தான் செயலாளர். துடுப்பையே தொட்டறியாதவர்களுக்காகச் சுங்கைப்பட்டாணி ஆற்றில் காயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் ஒரு பயணம் ஏற்பாடு செய்திருந்தான். அதே சனிக்கிழமைதான் நளினியின் மகளுக்குக் காதுகுத்து. கோயிலும் அதே ஆற்றங்கரையில், படகு ஏறும் இடத்திலிருந்து இரண்டு வளைவு தள்ளி. இதைவிட வசதி வேறென்ன வேண்டும் என்று நினைத்தான் மகராசன்.

ஆனால் அது லேசுப்பட்ட காதுகுத்து இல்லை. நளினி தானாகப் பார்த்துக் கல்யாணம் கட்டிக்கொண்டவள். அந்தக் கோபத்தில் அவன் கல்யாணத்துக்கும் போகவில்லை, பிள்ளை பிறந்தபோது எட்டிப்பார்க்கவும் இல்லை. கடைசியில் அவளேதான் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடி வந்தாள். "அண்ணே, என் பிள்ளை உன் மடியில உக்காந்துதான் காது குத்திக்கணும். நீ வரலன்னா, எனக்குப் பொறந்த வீடே இல்லன்னு எங்க மாமியார் வீட்டுல முடிவே பண்ணிருவாங்க," என்றாள். ஜெயகுமார் அவள் எதிரிலேயே அழுதுவிட்டான். அப்படி அழுதவன் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

காலை ஒன்பது மணிக்கே எல்லாரும் லைப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டார்கள். படகோட்டக் கற்றுத்தரும் கைருல் ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்தான். செயலாளர் மட்டும் கரையை விட்டு அசையவில்லை.

"ராகு காலம் தம்பி. நல்ல காரியத்துக்குப் போறவன், இப்ப எப்படிக் கால வைப்பேன்? பத்தரை ஆவட்டும்லா."

"அண்ணே, கடல் வத்துது. தண்ணி போச்சுன்னா இந்த ஆத்துல சேறுதான் மிச்சம்."

"பின்னாலயே வந்து புடிச்சிருவோம். நீ கிளம்பு."

கைருல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "நடு ஆத்த விட்டு மட்டும் நவுராதீங்க," என்று கெஞ்சிவிட்டு மற்றவர்களோடு போனான். இருவர் ஓட்டும் காயாக்கில் ஜோடி சேர்ந்த பாவத்துக்கு, கூட வேலை பார்க்கும் புவனேசனும் கரையில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடித்தான்.

ராகு காலம் முடிந்ததும் கிளம்பினார்கள். முதல் வளைவு சுகமாகப் போனது. இரண்டாவது வளைவில் கோபுரம் தெரிந்தது, மேளச் சத்தமும் கேட்டது. ஜெயகுமாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பின்னால் இருந்து திருப்புகிறவன் அவன்தானே, நடு ஆற்றை விட்டுக் கோயிலைப் பார்த்து நேராகத் திருப்பினான். கொஞ்ச தூரத்தில் காயாக்கின் அடி உரசியது. பிறகு நகரவே இல்லை.

"என்னடா வலிக்காம நிக்கிற?"

"நான் எங்கடா நின்னேன்? தண்ணியே நின்னுபோச்சு!" என்றான் புவனேசன்.

ஜெயகுமார் ஒரு காலை வெளியே வைத்தான். தொடை வரை விழுங்கியது சேறு. புவனேசன் லைப் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து அவனை மேலே போட்டான். ஜெயகுமார் தன் கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய போனை எடுத்துக் கைருலை அழைத்தான்.

"தண்ணி ஏறணும்ணே. மத்தியானத்துக்கு மேல ஆயிரும். என்னாலயும் படகைக் கொண்டுவர முடியாது. சத்தியமா இறங்கிராதீங்க, ஆளையே இழுத்துரும்."

கோயில் ஒலிபெருக்கி கூப்பிட்டது. "குழந்தையோட தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்."

"இங்க இருக்கேன்!" என்று கத்தினான். மேளத்துக்கு மேல் யாருக்குக் கேட்கும்? துடுப்பைத் தூக்கி ஆட்டினான். ஒரு கொக்குதான் பறந்தது.

சற்று நேரத்தில் கோயிலின் பின்வாசலில் நளினி வந்து நின்றாள். இடுப்பில் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளை, காதில் போன். அவள் முகம் அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்தான், பாவி.

"அண்ணே, பன்னண்டுக்குள்ள முடிக்கணும்னு ஐயர் கத்துறாரு. பக்கத்து வீட்டு முருகையாவை உக்கார வைக்கச் சொல்றாங்க எங்க மாமியார். நான் இன்னும் சரின்னு சொல்லல. நீ வந்துருவேல்ல?"

"வந்துர்றேன். செத்த பொறு."

"எப்படிண்ணே வருவே?"

அவன் கீழே பார்த்தான். சேற்றில் நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ராகு காலத்தைப் பார்க்கத் தெரிந்தவனுக்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரியவில்லையே என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. செருப்பும் சேற்றோடு போயிருந்தது. புவனேசன் திரும்பிப் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"முருகையாவையே உக்கார வைம்மா," என்றான்.

"நீயே சொல்றியாண்ணே?"

"நான்தான் சொல்றேன். நேரம் போவுது, போ."

நளினி பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

கெட்டிமேளம் முழங்கியது. அது நின்றதும் பிள்ளை வீறிட்டது ஒலிபெருக்கியில் கேட்டது. ஜெயகுமார் எழுந்துவிட்டான். காயாக் சாய, புவனேசன் பதறி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். மைக்குக்கு வெகு அருகில் முருகையாவின் குரல் கேட்டது.

"அழக்கூடாது கண்ணு. மாமா இருக்கேன்ல? மாமா மடியிலதான இருக்கே?"

பிள்ளையின் அழுகை மெல்ல அடங்கியது.